அளந்தெடுத்த முப்பரிமாணக் கிரிட் தரவை எந்த வரிசையில் எழுதினால் பாராவியூ சரியாகக் காட்டும்?

கேள்வியின் சுருக்கம்: ஒரு மின்காந்தத்தின் இடைவெளிக்குள் ஹால் ப்ரோபை நகர்த்தி 26,691 புள்ளிகளில் காந்தப்புலத்தை அளந்திருக்கிறார் ஒருவர். எக்ஸ் -100 முதல் 100 மி.மீ. வரை, ஒய் -75 முதல் 75 வரை, இசட் -50 முதல் 50 வரை. மூன்று திசையிலும் 5 மி.மீ. இடைவெளி. சிஎஸ்வி கோப்பின் ஒவ்வொரு வரியிலும் மூன்று ஆயத்தொலைவுகள், புலத்தின் மூன்று கூறுகள். அதை விடிகே (முப்பரிமாணத் தரவைப் படமாக்கும் நிரல் நூலகம்) கோப்பாக மாற்றி, அத்தகைய தரவைப் படமாகக் காட்டும் பாராவியூ மென்பொருளில் திறந்தால் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. ஆனால் படம் கோடு கோடாகக் கிழிந்த மாதிரி தெரிகிறது. தரவை எப்படி வரிசைப்படுத்துவது?

பதில்:

பிழைச் செய்தி வராததுதான் இங்கே முதல் தடயம். உங்கள் கிரிட்டில் எக்ஸ் திசையில் 41 புள்ளி, ஒய்யில் 31, இசட்டில் 21. பெருக்கினால் 26,691. கோப்பிலும் அத்தனை மதிப்புகள் இருக்கின்றன. மென்பொருள் சரிபார்ப்பது இந்த எண்ணிக்கையை மட்டும்தான். 41 31 21 என்று கொடுத்தாலும் 21 31 41 என்று கொடுத்தாலும் பெருக்கல் ஒன்றே என்பதால் அது வாயைத் திறக்காது.

சீரான இடைவெளி கொண்ட கிரிட்டுக்கு விடிகே வைத்திருக்கும் வகையில் புள்ளிகளின் ஆயத்தொலைவுகளே சேமிக்கப்படுவதில்லை. தலைப்பில் மூன்று தகவல்கள்தான்: டைமென்ஷன்ஸ் (ஒவ்வொரு திசையிலும் புள்ளிகளின் எண்ணிக்கை) 41 31 21, ஆரிஜின் (தொடக்க மூலை) -100 -75 -50, ஸ்பேசிங் (இடைவெளி) 5 5 5. அதற்குப் பிறகு வருவது வெறும் மதிப்புகளின் நீண்ட வரிசை. எந்த மதிப்பு எந்த இடத்துக்கு உரியது என்பதை அது வரிசையில் எத்தனையாவதாக வருகிறது என்பதை வைத்தே மென்பொருள் முடிவு செய்கிறது. நீங்கள் சிஎஸ்வியில் பத்திரமாக வைத்திருந்த எக்ஸ், ஒய், இசட் நெடுவரிசைகளை அது பார்க்கவே இல்லை.

விதி எளிது: எக்ஸ் முதலில் ஓடும், அது முடிந்ததும் ஒய் ஒரு படி நகரும், ஒய் முழுவதும் முடிந்ததும் இசட் ஒரு படி நகரும். 1993ல் வில் ஷ்ரோடர், கென் மார்ட்டின், பில் லோரன்சன் மூவரும் தொடங்கிய விடிகேயிலும், அதன் மேல் கட்டப்பட்ட பாராவியூவிலும் இதுதான் முறை. சூத்திரமாக எழுதினால், எக்ஸ், ஒய், இசட் திசைகளில் ஒரு புள்ளியின் படி எண்கள் முறையே ஐ, ஜே, கே எனில் (எல்லாம் 0 முதல்),

வரிசை எண் = ஐ + 41 × (ஜே + 31 × கே)

-100, -75, -50 என்ற மூலைக்கு 0. எக்ஸில் ஒரு படி நகர்ந்தால் 1. ஒய்யில் ஒரு படி நகர்ந்தால் 41. இசட்டில் ஒரு படி நகர்ந்தால் 1,271. நடுப்புள்ளிக்கு ஐ 20, ஜே 15, கே 10. வரிசை எண் 13,345.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பலர் கோப்பின் முதல் வரி, கடைசி வரி, நடு வரி ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டு 'சரியாகத்தான் இருக்கிறது' என்று விட்டுவிடுவார்கள். இசட் முதலில் ஓடும்படி எழுதிய கோப்பில் நடுப்புள்ளியின் எண் என்ன என்று போட்டுப் பாருங்கள்: 10 + 21 × (15 + 31 × 20). அதுவும் 13,345தான். முதல் மூலையும் எதிர் மூலையும்கூட எந்த வரிசையில் எழுதினாலும் முதலிலும் கடைசியிலும்தான் வரும். ஆக, அந்த மூன்று புள்ளிகளும் எதையும் நிரூபிக்காது. சோதிக்க வேண்டுமென்றால் 1, 41, 1,271 ஆகிய இடங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இனி உங்கள் கோப்பு. முதல் மூன்று வரிகளின் ஆயத்தொலைவுகள் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

-100.002, -74.998, -50.001
-99.999, -75.001, -44.997
-100.001, -75.000, -40.003

மாறுவது மூன்றாவது எண். அதாவது உங்கள் இயந்திரம் இசட்டை முதலில் ஓட்டியிருக்கிறது. விடிகே எதிர்பார்ப்பதற்கு நேர் எதிர். அடுத்து 21, 22 ஆகிய வரிகளைப் பாருங்கள். 21ல் இசட் +50. 22லும் இசட் +50 என்று இருந்து ஒய் மட்டும் -70 ஆகியிருந்தால், ப்ரோப் ஒவ்வொரு கோட்டின் தொடக்கத்துக்கும் திரும்பி வராமல், தறியில் நாடா ஓடுவதுபோல இந்தக் கோடு போக, அடுத்த கோடு வர என்று அளந்திருக்கிறது. நேரத்தை மிச்சப்படுத்த, ப்ரோபை நகர்த்தும் அளவீட்டு மேடைகள் பல இப்படித்தான் ஓடும். 651, 652 ஆகிய வரிகளையும் பார்த்துவிடுங்கள். ஒய் +75 முடிந்து எக்ஸ் மாறும் இடம் அதுதான். அங்கே ஒய் -75க்குத் திரும்புகிறதா, +75லேயே நின்று பின்னோக்கி வருகிறதா என்று தெரிந்துவிடும்.

சரி, வரிசைப்படுத்திவிடலாமே என்றுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். இசட், அதற்குள் ஒய், அதற்குள் எக்ஸ் என்று வரிசைப்படுத்தினால் விடிகே வரிசை வந்துவிட வேண்டும்தானே? கணினியில் உருவாக்கிய தரவுக்கு வரும். அளந்த தரவுக்கு வராது. காரணம் மேலே இருக்கும் மூன்றாவது தசம இடம். என்கோடர் (ப்ரோப் இருக்கும் இடத்தைப் படிக்கும் கருவி) சொல்லும் -50.001, -49.999, -50.000 ஆகிய மூன்றும் நமக்கு ஒரே தளம். வரிசைப்படுத்தும் நிரலுக்கு அவை மூன்று வெவ்வேறு இசட். அது முதலில் இசட்டைப் பார்க்கிறது. இசட்டே வேறுபட்டுவிட்டதால் ஒய்யையும் எக்ஸையும் பார்க்க வேண்டிய அவசியமே அதற்கு வருவதில்லை. விளைவாக ஒவ்வொரு தளத்துக்குள்ளும் உள்ள 1,271 புள்ளிகள் என்கோடரின் இரைச்சலுக்கு ஏற்றபடி கலைந்து கிடக்கும். அடையாளம் காண்பது சுலபம்: இசட் தளங்கள் ஒவ்வொன்றும் சராசரியில் சரியாகத் தெரியும், ஆனால் தளத்துக்குள் உப்பும் மிளகும் தூவிய மாதிரி இருக்கும். கோடு கோடாகக் கிழிவது வேறு நோய். அது அச்சு வரிசை மாறியதால் வருவது.

வரிசைப்படுத்துவதில் வேறு வில்லங்கங்களும் உண்டு. விரிதாளில் எண்கள் எழுத்தாக உள்ளே வந்திருந்தால் 100க்குப் பிறகு 15, அதற்குப் பிறகு 20, அப்புறம் 5 என்று அகராதி வரிசையில் அடுக்கும். லினக்ஸில் சார்ட் கட்டளையை எண்முறைத் தெரிவு இல்லாமல் ஓட்டினாலும் இதே கதைதான். ஐரோப்பிய அமைப்பில் இருக்கும் கருவி தசமப் புள்ளிக்குப் பதில் காற்புள்ளி போட்டிருந்தால் நெடுவரிசைகளே பிளந்துவிடும். பைத்தானின் நம்பை நூலகத்தில் உள்ள லெக்ஸ்சார்ட் என்ற வரிசைப்படுத்தும் செயற்கூறில் கடைசியாகக் கொடுக்கும் நெடுவரிசைதான் முதன்மை. எக்ஸ், ஒய், இசட் என்று கொடுத்தால்தான் இசட் வெளியேயும் எக்ஸ் உள்ளேயும் வரும். இது தெரியாமல் தலைகீழாகக் கொடுப்பவர்கள் நிறையப் பேர்.

அதனால் என் பரிந்துரை: வரிசைப்படுத்தவே வேண்டாம். ஒவ்வொரு அளவீட்டையும் அது இருக்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். எக்ஸிலிருந்து -100ஐக் கழித்து 5ஆல் வகுத்து, வருவதை அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றினால் அதுதான் ஐ. அதேபோல ஜே, கே. மேலே உள்ள சூத்திரத்தில் போட்டால் வரிசை எண் கிடைத்துவிடும். அந்த எண்ணுள்ள இடத்தில் அளவீட்டை எழுதுங்கள். இயந்திரம் எந்த அச்சை முதலில் ஓட்டியது, நாடா மாதிரி ஓடியதா, நடுவில் நிறுத்தி மறுநாள் வேறு மூலையிலிருந்து தொடங்கியதா என்பதெல்லாம் இந்த முறைக்குத் தேவையே இல்லை. வரிகளைக் குலுக்கிப் போட்டுக் கொடுத்தாலும் ஒரே விடைதான் வரும்.

முழு எண்ணாக மாற்றும் இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். எக்ஸ் -95.002 என்று வைத்துக்கொள்ளுங்கள். 100ஐக் கூட்டி 5ஆல் வகுத்தால் 0.9996. பைத்தானின் இன்ட் அதைத் தசமத்தை வெட்டி 0 ஆக்கிவிடும். அளவீடு பக்கத்து இடத்தில் போய் உட்காரும், அங்கே ஏற்கெனவே இருந்ததை அழித்துவிட்டு. நம்பையின் ரின்ட் போன்ற, அருகிலுள்ள எண்ணுக்கு மாற்றும் செயற்கூறையே பயன்படுத்துங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் உள்ள வித்தியாசத்தையும் ஒரு முறை பாருங்கள். உங்கள் தரவில் அது 0.001 அளவில் இருக்க வேண்டும். எங்காவது 0.3, 0.4 என்று வந்தால் ஆரிஜினோ ஸ்பேசிங்கோ தவறு, அல்லது அந்த இடத்தில் மேடை உண்மையிலேயே வழுக்கியிருக்கிறது.

வைப்பதற்கு முன் அணி முழுவதையும் நான், அதாவது 'எண் அல்ல' என்ற மதிப்பால் நிரப்பிக்கொள்ளுங்கள், பூஜ்யத்தால் அல்ல. பூஜ்யம் என்பது காந்தப்புலத்துக்கு ஒரு நியாயமான மதிப்பு. விடுபட்ட புள்ளியில் பூஜ்யம் உட்கார்ந்தால் அது புலத்தில் விழுந்த பள்ளம் மாதிரி தெரியும். யாராவது அதற்கு விளக்கமும் கண்டுபிடித்துவிடுவார்கள். 'எண் அல்ல' என்று இருந்தால் பாராவியூ அதைத் தனி நிறத்தில் காட்டும். கூடவே, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை அளவீடு விழுந்தது என்று எண்ணும் இன்னொரு அணியை வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் 1 இருக்க வேண்டும். 2 இருந்தால் நிறுத்தித் தொடங்கியபோது ஒரு கோட்டை மறுபடி அளந்திருக்கிறீர்கள். சராசரி எடுப்பதா, பிந்தையதை வைப்பதா என்பது உங்கள் முடிவு. மின்னோட்டம் நிலைப்பதற்குள் அளந்த கோடு என்று தெரிந்தால் பிந்தையதை வைப்பதே மேல்.

கோப்பில் ஆயத்தொலைவே இல்லாமல் வெறும் அளவீடுகள் மட்டும் ஓடிய வரிசையில் இருந்தால் வேறு வழியில்லை, ஓடிய பாதையைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். அப்போது கோடுகளை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ச்சியாக எண்ணி, ஒற்றைப்படைக் கோடுகளைத் திருப்புங்கள் (எண்ணிக்கை 0 முதல்). 'ஒவ்வொரு எக்ஸ் தளத்திலும் ஒற்றைப்படை ஒய் கோடுகளைத் திருப்பு' என்று எழுதினால் முதல் தளம் சரியாக வரும், இரண்டாவது தளம் முழுக்கத் தலைகீழாகும். ஒரு தளத்தில் 31 கோடுகள், அது ஒற்றைப்படை. அதனால் தளத்துக்குத் தளம் திசை மாறிக்கொண்டே போகும். ஒய்யும் பின்னோக்கி வந்திருந்தால் அதையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

நம்பையில் அணியை எந்த வடிவத்தில் வைப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். நம்பையின் இயல்பு சி மொழி முறை: கடைசிச் சுட்டெண்தான் வேகமாக ஓடும். ஆகவே அணியை 21, 31, 41 என்ற வடிவத்தில், அதாவது கே, ஜே, ஐ என்ற வரிசையில் உருவாக்குங்கள். அதை ரேவல் செய்து தட்டையாக்கினால் தானாகவே எக்ஸ் முதலில் ஓடும் வரிசை வந்துவிடும். 41, 31, 21 வடிவத்தில்தான் வைத்திருப்பேன் என்றால் தட்டையாக்கும்போது ஆர்டர் என்ற இடத்தில் ஃபோர்ட்ரான் முறையைக் குறிக்கும் எஃப் எழுத்தைக் கொடுக்க வேண்டும். விடிகேயைப் பைத்தானில் எளிதாகப் பயன்படுத்த உதவும் பைவிஸ்டாவின் எடுத்துக்காட்டுகளில் அதைத்தான் பார்ப்பீர்கள். இரண்டும் சரி. எனக்கு முதல் முறைதான் பிடிக்கும். எஃப் போட மறந்தால் எந்த எச்சரிக்கையும் வராது, கே-ஜே-ஐ வடிவத்தில் மறப்பதற்கு ஒன்றும் இல்லை. மேட்லேபும் ஃபோர்ட்ரானும் இயல்பிலேயே முதல் சுட்டெண்ணை வேகமாக ஓட்டுவதால் அங்கே 41, 31, 21 என்று வைத்தாலே போதும். ஆனால் கிரிட்டின் ஆயத்தொலைவுகளை உருவாக்கித் தரும் மேட்லேபின் மெஷ்கிரிட்டிடம் ஜாக்கிரதை: அது ஒய்யை வரிசைகளில் வைப்பதால் 31, 41, 21 என்று தரும். என்டிகிரிட் அப்படிச் செய்யாது. நம்பையின் மெஷ்கிரிட்டுக்கும் இதே பழக்கம். இன்டெக்ஸிங் என்ற இடத்தில் ஐஜே கொடுத்தால்தான் திருந்தும்.

ஒரு குறுக்கு வழி அடிக்கடி சொல்லப்படும்: 'கோப்பைத் தொட வேண்டாம், இசட் முதலில் ஓடினால் டைமென்ஷன்ஸை 21 31 41 என்று மாற்றி எழுதிவிடு, படம் சரியாகிவிடும்.' படம் சரியாகத்தான் ஆகும், கிழிசல் போய்விடும். ஆனால் திரையில் எக்ஸ் அச்சு என்று தெரிவது உங்கள் இசட். வெப்பநிலை மாதிரி ஒற்றை மதிப்புள்ள தரவுக்கு இதைச் சகித்துக்கொள்ளலாம். உங்களுடையது திசையன். புலத்தின் எக்ஸ் கூறு இன்னும் பழைய எக்ஸைத்தான் குறிக்கிறது, இடம் மட்டும் மாறிவிட்டது. ஸ்ட்ரீம்லைன் போட்டால் காந்தத்துக்குள் புலக்கோடுகள் நடக்காத வழியில் நடக்கும். கூறுகளையும் சேர்த்து மாற்றிவிட்டேன் என்றாலும் விஷயம் முடியவில்லை: இரண்டு அச்சுகளை மட்டும் இடம் மாற்றினால் வருவது கண்ணாடிப் பிம்பம். வலக்கை முறை இடக்கை முறையாகிவிடும். மூன்று அச்சையும் சுழற்சியாக மாற்றினால் மட்டுமே அது சுழற்றல்.

திசையன்களை எழுதும்போது இன்னொன்று: விடிகே ஒரு புள்ளியின் மூன்று கூறுகளையும் சேர்த்து, பிறகு அடுத்த புள்ளி என்று எதிர்பார்க்கிறது. எல்லாப் புள்ளிகளின் எக்ஸ் கூறு, பிறகு எல்லாவற்றின் ஒய் கூறு என்று தொகுதி தொகுதியாக எழுதினால் எண்ணிக்கை மறுபடியும் பொருந்தும், மறுபடியும் பிழைச் செய்தி வராது.

இப்போது சரிபார்ப்பு. இதற்குச் செலவிடும் பத்து நிமிடத்தை யாரும் கஞ்சத்தனம் செய்யக் கூடாது. அளந்த எக்ஸ், ஒய், இசட் மூன்றையும் தூக்கி எறியாமல், புலத்தோடு சேர்த்து அதே சூத்திரத்தால் இடம் மாற்றி, தனித்தனி அணிகளாகக் கோப்பில் எழுதுங்கள். பாராவியூவின் கால்குலேட்டரில் கோஆர்ட்ஸ்எக்ஸ் என்பது கிரிட்டிலிருந்து மென்பொருள் தானாகக் கணக்கிட்ட எக்ஸ். அதிலிருந்து நீங்கள் அளந்த எக்ஸைக் கழியுங்கள். 26,691 புள்ளிகளிலும் வித்தியாசம் மைக்ரோமீட்டர் கணக்கில் இருந்தால் வரிசை சரி. ஒரே ஒரு புள்ளியில் 5 என்று வந்தாலும் எங்கோ தவறு. மூன்று அச்சுக்கும் இதைச் செய்தால் வரிசை பற்றிய சந்தேகம் முழுமையாகத் தீர்ந்துவிடும். கூடவே மூலக் கோப்பின் வரி எண்ணையும் ஓர் அணியாக வைத்தால், அதை வைத்து நிறம் தீட்டும்போது ப்ரோப் போன பாதை அப்படியே தெரியும். அளவீடு மணிக்கணக்கில் நடந்திருந்தால் வெப்பத்தால் ஏற்பட்ட நகர்வைக் கண்டுபிடிக்கவும் அந்த அணிதான் உதவும்.

கண்ணால் படத்தைப் பார்த்துச் சரி என்று முடிவு செய்வதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் இசட் -50 முதல் +50 வரை, காந்தமும் அநேகமாக நடுத்தளத்துக்கு இருபுறமும் சமச்சீர். ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகக் கிடக்கும் கோடுகள்கூட சமச்சீரான புலத்தில் ஏறக்குறைய சரியாகவே தெரியும். ஓரங்களில் லேசான பல் மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். மூன்று திசையிலும் ஒரே எண்ணிக்கை வைத்துச் சோதனை செய்பவர்களுக்கும் இதே கதி. 20 × 20 × 20ல் அச்சு மாறியது தெரியாது. சோதனைக்கு 5 × 4 × 3 போல ஒன்றுக்கொன்று வேறான எண்ணிக்கை வையுங்கள்.

காந்தப்புலத்தில் இயற்பியலே ஒரு சோதனையைக் கொடுக்கிறது. புலத்தின் டைவர்ஜென்ஸ் (ஒரு புள்ளியிலிருந்து புலம் வெளியே பாயும் அளவு) எங்கும் பூஜ்யம். மின்னோட்டம் இல்லாத காற்றிடைவெளியில் நிலையான புலத்தின் கர்லும் (ஒரு புள்ளியைச் சுற்றிப் புலம் சுழலும் அளவு) பூஜ்யம். பாராவியூவின் கிரேடியன்ட் வடிகட்டியில் (வடிகட்டி என்பது இருக்கும் தரவிலிருந்து புதிய தரவைக் கணக்கிடும் கருவி) இரண்டையும் கணக்கிடும் தெரிவுகள் உண்டு. கர்ல் அங்கே வோர்ட்டிசிட்டி என்ற பெயரில் இருக்கும். அளவீட்டு இரைச்சலால் கச்சிதமான பூஜ்யம் வராது. தனித்தனிச் சாய்வுகளின் அளவோடு ஒப்பிட்டால் சிறியதாக இருந்தால் போதும். இடத்தை மாற்றிவிட்டுக் கூறுகளை மாற்ற மறந்தாலோ, ஒய் திசையைத் திருப்பிவிட்டு ஒய் கூறின் குறியைத் திருப்ப மறந்தாலோ, டைவர்ஜென்ஸ் சாய்வுகளின் அளவுக்கே எகிறிக் காட்டிக்கொடுத்துவிடும்.

காட்டிக்கொடுக்காத ஒன்றும் உண்டு, அதுதான் கண்ணாடிப் பிம்பம். இடங்களும் கூறுகளும் ஒன்றுசேரப் பிரதிபலித்தால் டைவர்ஜென்ஸும் பூஜ்யமாகவே இருக்கும், கர்லும் அப்படியே. மேடையின் ஒய் அச்சு கீழ்நோக்கி இருப்பது சகஜம். அப்போது கருவியின் மூன்று அச்சுகளே இடக்கை முறையில்தான் இருக்கும், நீங்கள் கோப்பில் எந்தத் தவறும் செய்யாமலேயே. இதைக் கணக்கால் பிடிக்க முடியாது. காந்தத்தின் எந்தப் பக்கம் மின்கம்பி நுழைகிறது, எந்தப் பக்கம் துருவத்தில் துளை இருக்கிறது என்பது போன்ற, கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஓர் அடையாளம் படத்தில் எங்கே விழுகிறது என்று பார்ப்பதுதான் வழி. அப்படி எதுவும் இல்லையென்றால் அடுத்த முறை ஒரு மூலையில் சின்னக் காந்தத் துண்டை ஒட்டி ஒரு தளத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள்.

எல்லாம் சரியான பிறகும் படத்தில் சீப்புப் பல் மாதிரித் தெரிந்தால் அதை வரிசைப் பிழை என்று நினைத்துத் திரும்பவும் நிரலைக் கலைக்காதீர்கள். ப்ரோப் நிற்காமல் ஓடிக்கொண்டே அளந்திருந்தால், இடத்தைப் படிப்பதற்கும் புலத்தைப் படிப்பதற்கும் இடையில் ஒரு தாமதம் இருக்கும். நொடிக்கு 50 மி.மீ. வேகமும் 20 மில்லிநொடித் தாமதமும் என்றால் ஒவ்வொரு கோடும் ஓடிய திசையில் 1 மி.மீ. பிசகும், எதிரெதிராக ஓடிய பக்கத்துக் கோடுகளுக்கு இடையே 2 மி.மீ. 5 மி.மீ. கிரிட்டில் இது பளிச்சென்று தெரியும். போன கோடுகளை மட்டும் ஒரு கோப்பாகவும் வந்த கோடுகளை மட்டும் இன்னொன்றாகவும் பிரித்துப் பாருங்கள். தனித்தனியாக வழவழப்பாக இருந்து, சேர்த்தால் மட்டும் பல் தெரிந்தால் தாமதமோ, திருகுதண்டின் தளர்வோதான் காரணம். திருத்த வேண்டியது ஆயத்தொலைவு, வரிசை அல்ல.

இன்னொரு நுணுக்கம்: மூவச்சு ஹால் ப்ரோப்களில் மூன்று உணரிகளும் ஒரே புள்ளியில் இருப்பதில்லை, சற்றுத் தள்ளித் தள்ளி இருக்கும். சாய்வு அதிகமுள்ள ஓரங்களில் டைவர்ஜென்ஸ் பூஜ்யத்துக்கு வர மறுத்தால் ப்ரோபோடு வந்த தாளில் அந்த இடைவெளிகளைப் பாருங்கள். கூறுக்கு ஒரு கிரிட் என்று வைத்துக்கொண்டு, பிறகு ஒரே கிரிட்டுக்கு இடைக்கணிப்பு செய்ய வேண்டியிருக்கும்.

அளந்த இடத்தை முழு எண்ணுக்கு மாற்றுவதில் துல்லியம் போய்விடுமே என்று கவலைப்படுபவர்கள் உண்டு. பிசகு இடைவெளியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் இருந்தால் நான் கவலைப்பட மாட்டேன். சீரான கிரிட்டின் வேகமும் வால்யூம் ரெண்டரிங் (கனவடிவத்தின் உட்புறத்தையும் ஊடுருவிக் காட்டும் முறை) வசதியும் அதைவிடப் பெரியவை. அதற்கு மேல் போனால் ஸ்ட்ரக்சர்டு கிரிட் வகைக்கு மாறுங்கள். அதில் ஒவ்வொரு புள்ளியின் உண்மையான ஆயத்தொலைவும் எழுதப்படும். ஆனால் புள்ளிகளின் வரிசை அதிலும் அதே எக்ஸ், ஒய், இசட் முறைதான். ஆயத்தொலைவு கொடுத்துவிட்டோமே, மென்பொருளே கண்டுபிடித்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். எந்தப் புள்ளி எதற்குப் பக்கத்துப் புள்ளி என்பதை அங்கேயும் வரிசைதான் சொல்கிறது. சிஎஸ்வியை நேரே எடுத்துக்கொள்ளும் டேபிள் டு ஸ்ட்ரக்சர்டு கிரிட் வடிகட்டிக்கும் இது பொருந்தும். இடைவெளி மட்டும் சீரற்று, கோடுகள் நேராக இருந்தால் ரெக்டிலீனியர் கிரிட் போதும்.

மதிப்புகளைப் புள்ளித் தரவாக எழுதுங்கள், செல் (எட்டுப் புள்ளிகளுக்கு நடுவே உள்ள சிறு பெட்டி) தரவாக அல்ல. 41 × 31 × 21 புள்ளிகளுக்கு இடையே இருப்பவை 40 × 30 × 20, அதாவது 24,000 செல்கள்தான். பழைய வகை விடிகே கோப்பை பைனரியில் எழுதினால் பைட்டுகள் பிக் எண்டியன் முறையில் (பெரிய மதிப்புள்ள பைட் முதலில்) இருக்க வேண்டும். நம் கணினிகள் பெரும்பாலும் அதற்கு நேர்மாறான லிட்டில் எண்டியன். மதிப்புகள் நம்பவே முடியாத அளவுக்குப் பெரிதாகவும் சிறிதாகவும் மாறி மாறித் தெரிந்தால் காரணம் அதுதான்.

வேறு துறைகளிலிருந்து வரும் கோப்புகளில் வரிசையை எழுதும் முறையே குழப்பும். காலநிலைத் தரவின் நெட்சிடிஎஃப் கோப்புகளில் நேரம், உயரம், அட்சரேகை, தீர்க்கரேகை என்று பரிமாணங்கள் எழுதப்பட்டிருக்கும். பார்வைக்குத் தலைகீழ், உண்மையில் கடைசியில் எழுதிய தீர்க்கரேகைதான் வேகமாக ஓடுகிறது, அதாவது எக்ஸ் முதலில் ஓடும் நம் வரிசையேதான். அங்கே கவனிக்க வேண்டியது வேறு. ஈஆர்ஏ5 என்ற உலகளாவிய காலநிலைத் தரவில் 1,440 × 721 கிரிட்டின் அட்சரேகை வட துருவத்தில் 90ல் தொடங்கி -90க்கு இறங்கும். ஸ்பேசிங்கை எதிர்மறையாகக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காமல், ஒய் திசையில் அணியையே திருப்பி எழுதுங்கள்.

கிரிட் என்பது பெட்டி வடிவமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 2006ல் செர்ன் துகள் இயற்பியல் ஆய்வகத்தில் அட்லஸ் கருவியின் 2 டெஸ்லா சோலினாய்டை (உருளை வடிவ மின்காந்தச் சுருளை) அளந்தபோது, ஹால் உணரிகள் பொருத்திய கைகளைச் சுழற்றிக்கொண்டே அச்சு வழியாக நகர்த்தினார்கள். அப்படிப்பட்ட தரவில் ஆரம், கோணம், நீளம் ஆகிய மூன்றும்தான் சீரானவை. ஐ, ஜே, கே மூன்றையும் அவற்றிலிருந்தே கணக்கிட்டு, ஆயத்தொலைவுகளை மட்டும் எக்ஸ், ஒய், இசட்டாக மாற்றி ஸ்ட்ரக்சர்டு கிரிட்டாக எழுத வேண்டும். 0 பாகைத் தளத்தை 360 பாகையில் இன்னொரு முறை எழுதாவிட்டால் உருளையில் ஒரு கீற்று வெட்டி எடுத்த மாதிரி இடைவெளி தெரியும். கூறுகளையும் ஆரத் திசை, கோணத் திசையிலிருந்து எக்ஸ், ஒய்க்கு மாற்ற மறக்காதீர்கள்.

புள்ளிகள் உண்மையிலேயே ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடந்தால், கையில் பிடித்த ப்ரோபால் அளந்தது மாதிரி, வரிசை என்ற பேச்சே இல்லை. புள்ளிக்கூட்டமாக ஏற்றி, பாயின்ட் வால்யூம் இன்டர்பொலேட்டர் போன்ற வடிகட்டியால் ஒரு சீரான கிரிட்டுக்கு இடைக்கணிப்பு செய்யுங்கள். ஒழுங்கான கிரிட் தரவுக்கே டெலானே 3டி (புள்ளிகளை நான்முகிகளாக இணைக்கும் வடிகட்டி) போட்டுப் பார்க்கலாமா என்றும் சிலர் கேட்பார்கள். போடாதீர்கள். ஒரு கனசதுரத்தின் எட்டு மூலைகளும் ஒரே கோளத்தின் மேல் இருப்பதால், அதை நான்முகிகளாகப் பிரிக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் சமமாகத் தகுதி பெறும். எதைத் தேர்வது என்பதை உங்கள் என்கோடரின் மூன்றாவது தசம இடம்தான் தீர்மானிக்கும். நேரமும் தின்னும், பக்கத்துப் பக்கத்துச் செல்கள் ஆளுக்கொரு விதமாக வெட்டுப்பட்டு, சமமதிப்புப் பரப்பில் இல்லாத சொரசொரப்பையும் கொண்டுவந்து சேர்க்கும்.